தோழர் குன்செவின் கிளட்ச்

ஆட்டுத் தெருவின் பாதி மேட்டில் ஸஹாரி குன்செவின் கார் ஏற மாட்டேன் என்றது. இன்ஜின் அணைந்துவிடவில்லை. அது ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறிக்கொண்டுதான் இருந்தது. சக்கரங்கள்தான் அந்த அலறலுக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்பது போல ஒரு சாண் உருண்டு, அரைச் சாண் உருண்டு, பிறகு நின்றே போயின. காருக்குள் ஒரு நாற்றம் எழுந்தது.

அது என்ன நாற்றம் என்று கலினோவோ ஊரில் ஸஹாரியைவிட நன்றாக அறிந்தவர் எவரும் கிடையாது. முப்பத்தொரு வருஷம் லைசென்ஸ் டெஸ்ட் எடுத்தவர் அவர். அந்த மலைப்பக்கத்தில் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்து வழிந்தவர்கள். ஆட்சி மாறிற்று, கொடி மாறிற்று, அவர் ஓய்வும் பெற்றுவிட்டார். ஊர் அவரைத் 'தோழர்' என்று கூப்பிடுவது மட்டும் மாறவில்லை. அதில் பாதி மரியாதை, மீதி பழைய கோபம்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. அவர் ஆட்களை ஃபெயிலாக்கியது பெரும்பாலும் ஒரே ஒரு குற்றத்துக்காக. மேட்டில் வண்டியை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், கிளட்சைப் பாதி மிதித்து, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, வண்டியை அந்தரத்தில் பிடித்துவைக்கும் குற்றம். அரைக் கிளட்ச். "கிளட்ச் கால் வெச்சுக்கிற முக்காலி இல்ல" என்று சொல்வார். படிவத்தில் புள்ளிகளைக் கழிப்பார். ஒன்பது புள்ளி போனால் ஃபெயில். படிவத்தை மூன்றாக மடித்துக் கையில் கொடுப்பார். மடிக்கும்போது ஓரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தும் வரை எதிராளி காத்திருக்க வேண்டும்.

அப்பேர்ப்பட்டவருடைய கிளட்ச்தான் இப்போது தேய்ந்துபோயிருந்தது.

செப்டம்பர் மாதம். தெரு முழுக்க வாசலில் அடுப்பு மூட்டி, கைப்பிடி வைத்த தகர உருளைகளில் காரமில்லாத பெரிய சிவப்பு மிளகாயைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத் தொக்குக்கு ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூட்டையாவது சுட்டாக வேண்டும். அந்தப் பாதி மேட்டில் குடியிருந்த கென்சோ உருளையின் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினான்.

"அண்ணே, ஏதோ கருகுற வாசனை வருதே?"

"உன் மிளகாய்தான் கருகுது. சுத்துறத நிறுத்தினா கருகாம என்ன செய்யும்?" என்றார் ஸஹாரி கண்ணாடியை இறக்காமலே.

கென்சோ பதறிப்போய் உருளைக்குள் எட்டிப் பார்த்தான். அந்த இடைவெளியில் ஸஹாரி வண்டியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு உருளவிட்டு அடிவாரத்துக்கே கொண்டுபோய்விட்டார்.

அடிவாரத்தில் உட்கார்ந்து யோசித்தார். ரிவர்ஸ் கியருக்கு இழுவை அதிகம். வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாக ஏறினால் இன்ஜினின் பாரம் முழுவதும் வண்டியை இழுக்கிற முன்சக்கரங்களின் மேல் இறங்கும். கிளட்சில் மிச்சமிருக்கிற உயிருக்கு அது போதும். இதை அவர் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார், அவசரத்துக்கு மட்டும் என்று. அவசரம்தானே இது? வண்டியைத் திருப்பினார். கழுத்தை வளைத்துப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, ஆட்டுத் தெருவைப் பின்பக்கமாக ஏறி முடித்தார். கென்சோ வாய் திறந்தபடி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உருளையைச் சுற்றவில்லை. இந்த முறை மிளகாய் நிஜமாகவே கருகிற்று.

மேட்டின் உச்சியில் வீட்டு கேட்டருகே ருஸானா நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வர்ற?"

"சும்மா."

"கிளட்சா?"

"கத்தாதே, ருஸானா!"

"நான் கத்தலியே. உன் வண்டிதான் கத்திக்கிட்டு வந்துது." அவள் கேட்டை மெதுவாகத் திறந்தாள். எப்போதுமே மெதுவாகத்தான் திறப்பாள். கொக்கியை எடுத்து, கல்லை நகர்த்தி, கோழி வெளியே ஓடாமல் காலால் தடுத்து, அப்புறம்தான் ஒரு பக்கக் கதவு. "பதினெட்டு வருஷமா இந்த கேட்டு முன்னாடி உர்ர்ர்னு உறுமிக்கிட்டே நின்ன. கிளட்ச் என்ன ஆகும், தடிக்குமா?"

"நீ கேட்டைத் திறக்க எடுத்துக்கிற நேரத்துல ஒரு ரயில் சோஃபியா போய்ச் சேர்ந்துடும். நான் என்ன பண்ண?"

"ஹேண்ட் பிரேக்குன்னு ஒண்ணு இருக்காமே. கேள்விப்பட்டிருக்கேன்."

ஸஹாரி பின்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"கல்யாணம் ஆன புதுசுல என்னை மூணு தடவை டெஸ்டுல ஃபெயிலாக்கினியே, எதுக்கு? சொல்லு."

"இப்ப எதுக்கு அது..."

"சொல்லு, ஸஹாரி."

"அரைக் கிளட்ச்" என்றார் அவர், கோழியைப் பார்த்துக்கொண்டு.

மத்தியானம் பீன்ஸ் சூப்பைக் குடித்து முடித்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு, அலமாரியிலிருந்து இரண்டு பழைய டெஸ்ட் படிவங்களை எடுத்தார். ஓய்வு பெற்றபோது மிச்சமிருந்த கட்டு. எதையும் வீணாக்குகிற ஆள் இல்லை அவர். ஒன்றின் தலைப்பில் 'பழுது பார்ப்பது' என்றும், இன்னொன்றில் 'காரை மாற்றுவது' என்றும் எழுதினார். இரண்டுக்கும் டெஸ்ட் வைத்துவிடலாம். ஒன்பது புள்ளி இழப்பது எதுவோ அது ஃபெயில்.

பழுது பார்ப்பதற்கு மொத்தம் நல்ல மதிப்பெண்தான். கார் பதினெட்டு வருஷத்துக் கார் என்றாலும் துரு கிடையாது. இருக்கை கிழியவில்லை. இன்ஜின் எண்ணெய் குடிப்பதில்லை. கிளட்ச் ஒன்றை மாற்றினால் இன்னும் பத்து வருஷம் ஓடும். பழையது என்பதற்கு இரண்டு புள்ளி கழித்தார். பிறகு 'மெக்கானிக்' என்ற இடத்துக்கு வந்து பேனாவை நிறுத்தினார்.

ஊரில் ஒரே பட்டறை. ஆட்டுத் தெருவின் அடிவாரத்தில். வைத்திருப்பவள் போன்கா. போன்காவை அவர் ஏழு முறை ஃபெயிலாக்கியிருக்கிறார். ஏழு முறையும் அரைக் கிளட்சுக்காக. அப்படி இந்தக் கிளட்சுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் அவள் முதன்முதலில் ஸ்பேனரைக் கையில் எடுத்தாள் என்று ஊரில் பேச்சு. எட்டாவது முறை அவருக்குக் காய்ச்சல். வேறொருவர் டெஸ்ட் எடுத்தார். போன்கா பாஸாகிவிட்டாள். அவள் கிளட்சைக் கழற்றிப் பார்த்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும், தட்டு எப்படித் தேய்ந்தது, யார் காலால் தேய்ந்தது என்று. அடுத்த மணி நேரத்தில் ரொட்டிக் கடையில் தெரியும். மாலைக்குள் ஊரில் இருக்கும் நாய்களுக்கும் தெரியும்.

மெக்கானிக் என்ற இடத்தில் பன்னிரண்டு புள்ளி கழித்தார். பழுது பார்ப்பது ஃபெயில்.

காரை மாற்றுவதற்கு முதலில் விற்க வேண்டும். வாங்குகிறவனிடம் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று சொல்லித்தான் விற்பார். பொய் சொல்லி எந்தக் காகிதத்திலும் அவர் கையெழுத்து விழுந்ததில்லை. ஆனால் சொல்லப்போவது யாரோ ஒரு வெளியூர்க்காரனிடம். காரோடு கிளட்சும் சமவெளிக்குப் போய்விடும். போனால் போனதுதான். ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. புதிதாக வண்டி வாங்கினால் தெருவுக்கே விருந்து வைக்க வேண்டும் என்பதற்கு மூன்று புள்ளி. கேட்டு சின்னது, பெரிய வண்டி நுழையாது என்பதற்கு இரண்டு. மொத்தம் ஐந்து. பாஸ்.

ருஸானா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உன் சூடு சொரணைக்கு எவ்வளவு கழிச்ச?"

"அது படிவத்துல இல்ல."

"கார் நல்லா இருக்கு. கிளட்சைப் போட்டா தீர்ந்துது. நீ பயப்படுறது கிளட்சுக்கு இல்ல, போன்காவுக்கு."

"நான் யாருக்கும் பயப்படல. படிவம் சொல்லுது."

விற்பனை விளம்பரத்தைக் கைப்பேசியில் அவரே எழுதினார். 'ஒரே சொந்தக்காரர். நல்ல நிலை. கிளட்ச் தேய்ந்துள்ளது.' கடைசி வாக்கியத்தை மூன்று முறை அழித்து நான்காவது முறை விட்டுவைத்தார். சமவெளிப் பக்கத்திலிருந்து மனோல் என்று ஒருவன் கூப்பிட்டான். கிளட்சைப் பற்றிக் கவலை இல்லை, பத்து நாள் கழித்துச் சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்றான். பத்து நாள்தானே, ரிவர்ஸ் கியரில் ஓட்டிவிடலாம் என்று ஸஹாரி கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் கென்சோவை அவர் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு அவர் பின்பக்கமாக ஏறி வரும்போது கென்சோ உருளையை விட்டுவிட்டு நடுத்தெருவில் வந்து நின்றான்.

"அண்ணே, நேத்தும் பின்னாடியே ஏறினீங்க. இன்னிக்கும் பின்னாடியே ஏறுறீங்க. என்ன சங்கதி?"

ஸஹாரிக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றும் தோன்றாதபோது முப்பத்தொரு வருஷமாக என்ன சொல்வாரோ அதையே சொன்னார்.

"சாலை விதிப் புத்தகத்தைக் கடைசியா எப்பப் பிரிச்ச, கென்சோ?"

கென்சோவின் முகம் வெளுத்துவிட்டது. நாற்பது வயது ஆசாமி, மூன்று பிள்ளைகளின் அப்பன். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளங்கை வேர்த்தது. "பாத்து... பாத்து ரொம்ப நாளாச்சு, தோழர்" என்றான். அண்ணே என்பதே மறந்துபோயிற்று.

"ம்" என்றார் ஸஹாரி. கழுத்தை வளைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார், ஒரு 'ம்' போட்டார், அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலம் கென்சோவின் வேன் ஆட்டுத் தெருவைப் பின்பக்கமாக ஏறிற்று. ஏறும்போது அவன் மனைவி வெளியே தலையை நீட்டி, "இடது பக்கம்! உன் இடது இல்ல, என் இடது!" என்று கத்தினாள். மறுநாள் ரொட்டி வண்டி பின்பக்கமாக ஏறிற்று. "கென்சோ தோழர்கிட்ட நேரடியா கேட்டானாம்" என்றான் ரொட்டிக்காரன். அதற்கடுத்த நாள் தபால்காரம்மாவின் சின்ன வண்டி. ஐந்தாம் நாள் பாதிரியார். அவர் தாடியைத் தோள் மேல் போட்டுக்கொண்டு பின்னால் பார்த்து ஓட்டியதை ருஸானா கேட்டருகே நின்று பார்த்தாள். சிரிப்பை அடக்கத் தலையணை தேடி உள்ளே ஓடினாள்.

"போய் உண்மையைச் சொல்லு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நான் யாரையும் அப்படி ஓட்டச் சொல்லல."

"ஓட்டாதேன்னும் சொல்லலியே."

"சனிக்கிழமை வண்டி போயிடும். நான் நடந்து போறதைப் பாத்தா அவங்களும் தானா முன்பக்கமா ஏறிடுவாங்க."

இதற்கிடையில் ஒரு கல்யாணமும் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எட்டு வண்டியில், ஹாரன் அடித்துக்கொண்டு, துண்டுகளும் பலூன்களும் பறக்க, வரிசையாகப் பின்பக்கமாக ஏறினார்கள். முதல் வண்டியின் மூக்கில் கட்டியிருந்த பொம்மை கடைசி வரை அடிவாரத்தையே பார்த்துக்கொண்டு போயிற்று. மேலே வந்து இறங்கிய பெண்ணுக்குத் தலை சுற்றிற்று. மாமியார் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டு, சந்தோஷத்தில் அழுதாள்.

ஊரில் கழுத்து நேராக இருந்தவர்கள் குறைந்துபோனார்கள். பக்கக் கண்ணாடிகளும் குறைந்தன. போன்காவின் பட்டறையில் ஒரே வாரத்தில் பதினோரு கண்ணாடி மாற்ற வந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. ஸஹாரியின் கார் கடந்து போகும்போது மட்டும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள்.

"வணக்கம், தோழர். வண்டி சௌக்கியமா?"

"சௌக்கியம்."

"நல்லா மிளகாய் வாசனை வருது உங்க வண்டிலேருந்து."

"சீசன்."

"ஆமா ஆமா, சீசன்" என்று போன்கா அந்த ஊர் வழக்கப்படி தலையை இடவலமாக ஆட்டி ஒத்துக்கொள்வாள். அவள் ஒத்துக்கொண்ட விதம் ஸஹாரிக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. ஸஹாரி காரைக் கழுவி, மேட்டின் உச்சியில் மூக்கைக் கீழ்நோக்கி நிறுத்திவைத்தார். இறங்குவதற்குக் கிளட்ச் தேவையில்லை. ருஸானா மிளகாயை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தக் காரில் பிரியம் உண்டு. காட்டுக்குப் போய் ஸ்ட்ராபெர்ரி பொறுக்கியது, தங்கை வீட்டுக்கு முட்டை கொண்டுபோனது எல்லாம் அதில்தான். பதினெட்டு வருஷமாக, கேட்டு முன்னால் வந்து உறுமினால், அது அவர்தான் என்று அடுப்படியிலிருந்தே தெரியும்.

"உனக்கு நிஜமாவே விக்கணுமா?" என்றாள்.

"விக்கணும்னு ஆசையா? இல்ல."

"அப்புறம்?"

"வேற வழி இல்ல" என்றார் அவர். காரின் கூரையில் இல்லாத தூசியை இரண்டு முறை துடைத்தார்.

பதினோரு மணிக்கு அடிவாரத்தில் கூச்சல் கேட்டது.

மனோல் தன் வண்டியில் எல்லா மனிதரையும் போல முன்பக்கமாக ஆட்டுத் தெருவில் ஏறப்பார்த்தான். பத்தடி ஏறுவதற்குள் ரொட்டிக்காரன் கையை விரித்துக் குறுக்கே நின்றான்.

"எங்கய்யா போற? கண்ணு தெரியல?"

"குன்செவ்னு ஒருத்தர் வீட்டுக்கு."

"அது சரி. எந்தப் பக்கமா போற? திருப்பு வண்டிய!"

"மேல போகணும்ங்க. கீழ இல்ல."

"மேலதான் போகச் சொல்றோம். பின்னாடியா போ!" என்றாள் தபால்காரம்மா. "சமவெளியில புது விதியெல்லாம் வந்து சேர நாளாகும் போல."

மனோல் எல்லார் முகத்தையும் பார்த்தான். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. மலை ஊர்க்காரர்களோடு தகராறு வேண்டாம் என்று வண்டியைத் திருப்பினான். சமவெளியில் பிறந்து வளர்ந்தவன், மேட்டில் பின்னால் ஓட்டி அறியாதவன். முதல் வளைவைத் தாண்டினான். இரண்டாவது வளைவில் கென்சோவின் மிளகாய் உருளையைத் தாண்டவில்லை.

உருளை அடுப்பிலிருந்து எகிறி, 'டங்' என்று தெருவில் விழுந்து உருளத் தொடங்கியது. உருளும்போதே உள்ளேயிருந்த மிளகாயை ஒவ்வொன்றாக வெளியே துப்பிக்கொண்டே போயிற்று. கென்சோ பின்னாலேயே ஓடினான். "பிடி! பிடி! சூடு! பிடிக்காத!" ஒரு கோழி, ஒரு பூனை, பாதிரியார் என்று எல்லாரும் விலகி வழிவிட, உருளை போன்காவின் பட்டறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்து, அவள் காலடியில் நின்று, கடைசி மிளகாயையும் துப்பிவிட்டு ஓய்ந்தது.

போன்கா அந்த மிளகாயை எடுத்து, ஊதி, தோலை உரித்து, கடித்துப் பார்த்துக்கொண்டே மேலே நடந்து வந்தாள். அதற்குள் ஸஹாரியின் கேட்டு முன்னால் தெருவே திரண்டுவிட்டது.

மனோல் எப்படியோ உச்சி வரை ஏறிவந்து, வண்டியிலிருந்து இறங்கிக் கத்திக்கொண்டிருந்தான். "எந்த மடையன் போட்ட விதிய்யா இது?"

எல்லா விரல்களும் ஒரே பக்கம் நீண்டன.

அந்த நேரம் பார்த்து மேயர் ஸ்பாஸும் மூச்சு வாங்க ஏறி வந்தார். அவர் நடந்துதான் வந்தார். நேற்று பின்பக்கமாக ஏறும்போது தன் வண்டியை நீரூற்றில் முட்டவைத்துவிட்டார். கையில் ஒரு காகிதம்.

"தோழர், நல்ல வேளை வீட்டுல இருக்கீங்க. வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாமப் போயிடுது பாருங்க. அதான் பலகை வெச்சுடலாம்னு. 'இத்தெருவில் பின்பக்கமாக மட்டுமே ஏற வேண்டும்.' பெயின்டர் தயாரா இருக்கான். எந்தச் சட்டம், எத்தனாவது பிரிவுன்னு இதுல எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. உங்ககிட்ட கேக்காம இவ்வளவு நாள் இருந்ததுக்கு எனக்கே வெக்கமா இருக்கு."

பேனாவையும் நீட்டினார்.

ஸஹாரி பேனாவை வாங்கிக்கொண்டார். காகிதத்தை எடுத்துத் தன் காரின் கூரைமேல் வைத்து நீவினார். பிரிவு எண்ணுக்காகக் கோடு போட்ட காலி இடம். கீழே பெயர். அதற்கும் கீழே கையெழுத்து. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் காகிதம். மந்திரியின் மருமகன் டெஸ்டுக்கு வந்த நாள்கூட உண்டு. அன்றும் காகிதத்தில் உள்ளதைத்தான் எழுதினார். அந்த மருமகன் இன்றுவரை பஸ்ஸில்தான் போகிறானாம்.

ஏதாவது ஓர் எண்ணை எழுதிவிட்டால் போதும். யார் பார்க்கப்போகிறார்கள்? இந்த ஊரில் புத்தகத்தைப் பிரிக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

பேனாவை மூடினார்.

"பிரிவு இல்ல" என்றார்.

"எண்ணு மறந்துட்டா பரவாயில்ல, அப்புறம்..."

"எண்ணு இல்ல. விதியே இல்ல, ஸ்பாஸ்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் வண்டி முன்பக்கமா ஏறாது. கிளட்ச் போயிடுச்சு. அதனாலதான் பின்னாடி ஏறினேன்."

கீழே எங்கோ வேறொரு உருளை கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"எப்படிப் போச்சு?" என்று கேட்டாள் போன்கா மிளகாயை மென்றுகொண்டே. மெதுவாகத்தான் கேட்டாள்.

ஸஹாரி ருஸானாவைப் பார்த்தார். ருஸானா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதவிக்கு வரவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை.

"அரைக் கிளட்ச்" என்றார் ஸஹாரி. "இந்த கேட்டு முன்னாடி. தினமும் ரெண்டு தடவை. பதினெட்டு வருஷம்."

பிறகு தபால்காரம்மா ஆரம்பித்தாள்.

"என்னை அஞ்சு தடவை ஃபெயிலாக்கினீங்களே!"

"என்னை நாலு!" என்றான் கென்சோ, காலி உருளையைக் கட்டிப்பிடித்தபடி. "நாலாவது தடவை எங்கம்மா வாசல்ல ஒரு குடம் தண்ணி ஊத்தி அனுப்பினா, காரியம் தண்ணி மாதிரி ஓடணும்னு. 'தண்ணி நல்லா ஓடுது, நீதான் ஓடல'ன்னீங்க!"

"என்னை ரெண்டு" என்றார் பாதிரியார். "மன்னிச்சுட்டேன். இருந்தாலும் ரெண்டு."

"மூணு" என்றாள் ருஸானா.

போன்கா தன் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. ஊருக்கே தெரியும். அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குனிந்தாள், பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்துக் கென்சோ சிரித்தான், மேயர் சிரித்தார், பாதிரியாரின் தாடி குலுங்கிற்று. ஸஹாரி காதுவரை சிவந்து நின்றார். இதற்குத்தான் பத்து நாள் பயந்தது. பத்து நாள் பயந்தது இரண்டு நிமிஷத்தில் நடந்து முடிந்துவிட்டது. அப்புறம் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவில் மனோல் காரைச் சுற்றிவந்து, குனிந்து, அடிப்பக்கம் தட்டிப் பார்த்திருந்தான்.

"ஐயா, உங்க ஊரு என்னவோ போகட்டும். வண்டி நல்ல வண்டி. துருவே இல்ல. கிளட்சுதானே, நான் போட்டுக்கறேன். சாவியக் குடுங்க."

ஸஹாரி பாக்கெட்டில் கைவிட்டார். அன்று எழுதி மடித்துவைத்த இரண்டு படிவங்களும் மடிப்புக் கலையாமல் அங்கே இருந்தன. பழுது பார்ப்பது என்ற தாளைப் பிரித்தார். 'மெக்கானிக்' என்ற இடத்தில் கழித்திருந்த பன்னிரண்டு புள்ளியைப் பார்த்தார். போன்கா தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேயரின் பேனாவாலேயே பன்னிரண்டை அடித்து, பக்கத்தில் பூஜ்யம் போட்டு, திருத்தத்துக்குச் சின்னக் கையெழுத்தும் போட்டார்.

"விக்கல" என்றார்.

"என்னது! அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கேன்!"

"உள்ள வாங்க, தம்பி" என்றாள் ருஸானா அவசரமாக. "சாப்பிட்டுட்டுப் போகலாம். மிளகாய்தான் வேணும்னா தெரு பூரா கிடக்கு."

சாப்பிட்டு முடித்த பிறகு மனோலின் வண்டியைத் தெருவே சேர்ந்து முன்பக்கமாக இறக்கிவிட்டது.

போன்கா கிளட்சை மாற்ற இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். தேய்ந்த தட்டைக் கழற்றித் தன் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். கீழே எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஆனால் சாவியைக் கொடுக்கும் முன் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"டெஸ்ட் ஒண்ணு குடுக்கணும், தோழர். நான் பக்கத்துல உக்காருவேன். படிவம் உங்களோடதே."

ஸஹாரி ஒத்துக்கொண்டார். வேறு யார் கேட்டிருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி. ஆட்டுத் தெருவின் இருபுறமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ருஸானா இறங்கி வந்து காரின் முன்னால் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள்.

"தண்ணி மாதிரி ஓடட்டும்" என்றாள். பிறகு குனிந்து ஜன்னல் வழியாக, "நான் மேல போய் கேட்டைத் திறக்கிறேன். மெதுவாத்தான் திறப்பேன். சொல்லிட்டேன்" என்றாள்.

ஸஹாரி இருக்கையைச் சரிசெய்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். பெல்ட்டை மாட்டினார். போன்கா மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல். அந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அவர் முகத்தில் இருந்தது அது.

"கிளம்பலாம்" என்றாள்.

ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார். எந்தப் பிழையும் இல்லை. தபால் ஆபீஸ் முன்னால் நின்றார், பார்த்தார், போனார். புதுக் கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருந்தது. திரும்பி ஆட்டுத் தெருவின் அடிவாரத்துக்கு வந்தார். மனமெல்லாம் மேலே கேட்டருகே இருந்தது. அங்கே போய் நிற்க வேண்டும், நின்றதும் ஹேண்ட் பிரேக், இடது காலை முழுசாக எடுத்துவிட வேண்டும், ஹேண்ட் பிரேக், ஹேண்ட் பிரேக் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே, சிக்னல் போடாமலே வண்டியை அழகாகத் திருப்பி, கழுத்தைப் பின்பக்கம் வளைத்து, ரிவர்ஸ் கியரைப் போட்டு ஏறத் தொடங்கினார்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாதி மேடு வரை அவருக்கு எதுவும் தோன்றவில்லை. கென்சோவின் வீட்டைத் தாண்டும்போதுதான், உருளையைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவன் வாய் திறந்து நிற்பதைப் பார்த்தார். எங்கோ பார்த்த காட்சியாக இருந்தது. பக்கத்தில் பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது.

உச்சியில் ருஸானா கொக்கியை எடுத்து, கல்லை நகர்த்தி, கோழியைத் தடுத்து, கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். ஸஹாரி வண்டியை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இடது காலை எடுத்துத் தரையில் வைத்தார். அத்தனையும் சரியாகச் செய்தார்.

போன்கா படிவத்தை மூன்றாக மடித்தாள். ஓரங்கள் பொருந்தவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள். பொருந்தும் வரை ஸஹாரி காத்திருந்தார்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க, தோழர்" என்று கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். தெருவே எழுந்து கைதட்டிற்று.

ஸஹாரி படிவத்தைப் பிரித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். விரலால் கூட்டினார். மறுபடி கூட்டினார். பிறகு அவசரமாக இறங்கி, பாதித் தெரு போய்விட்டிருந்த போன்காவின் பின்னால் ஓடினார்.

"போன்கா! ஏய், போன்கா! நில்லு! சிக்னல் போடாம திருப்பினதுக்கு அஞ்சு, அது சரி. காரணமில்லாம ரிவர்ஸ்ல ஏறினா மூணு புள்ளி இல்ல, அஞ்சு! மொத்தம் எட்டுதான் வருது. எட்டுன்னா நான் பாஸ். அஞ்சுன்னு திருத்திக் கையெழுத்துப் போடு!"